சிறு கல்லூரியும் விளையாட்டு மாணவனும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். எந்தப் பாடத்தை எடுத்தால் எந்த வேலை கிடைக்கும் என்று நாம் பட்டியல் படிப்போம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அதனை நமக்குப் பின் பேசவிருக்கும் பேராசிரியர் செவ்வனே செய்வார். நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்க நாட்டின் சிறு கல்லூரிகளைப் பற்றி. அதிலும், பேஸ்பால் என்னும் ஆட்டத்தை அக்கல்லூரிகள் நடத்தும் முறையைப் பற்றி. முன் வரிசையில் சிலர் முறுவலிப்பது தெரிகின்றது. காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம்.

நம் சங்க விடுதியின் தொடக்க ஆண்டுகளில் தங்கிப் பயின்ற மாணவர் ஒருவர், இன்று அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்கின்றார். அவருடைய மூத்த மகன் பள்ளியிறுதி வகுப்பில் பயில்கின்றான். பள்ளியின் பேஸ்பால் அணியில் அவன் கேட்ச்சர். அதாவது, மட்டையாளனுக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன். சென்ற ஐப்பசியில் தந்தையிடமிருந்து நமக்கொரு நெடுங்கடிதம் வந்தது. இரண்டு சிறு கல்லூரிகள் பையனை அழைக்கின்றனவாம். முதற்கல்லூரியின் பயிற்சியாளர் இருமுறை ஆட்டம் பார்க்க வந்தார். வீட்டுக்கும் வந்து காப்பி அருந்தி, "உங்கள் மகன் முதலாண்டிலேயே களமிறங்குவான்" என்று சொல்லிச் சென்றார். இரண்டாம் கல்லூரியின் பயிற்சியாளர் ஒரு கடிதம் மட்டும் எழுதினார். அதிலும் பாதி வகுப்பு நேரங்களைப் பற்றியது. "ஐயா, எங்கள் குடும்பத்தில் விளையாட்டைக் கொண்டு கல்லூரிக்குப் போனவர் எவருமில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வதென்று தெரியவில்லை. தாங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

பேஸ்பால் மட்டையை நாம் கையால் தொட்டதில்லை. எனினும், அக்கடிதத்தை மடித்து வைத்துவிட மனம் வரவில்லை. அதற்கொரு பழைய காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் பட்டதாரி ஆசிரியராயிருந்த பள்ளியில், கபடியில் வல்லவனான மாணவன் ஒருவன் இருந்தான். மாவட்டப் போட்டியில் அவனைக் கண்ட ஒரு கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் உண்டு, விடுதியும் உணவும் இலவசம் என்றார். பையனின் தாய் நம்மிடம் வந்து, "சார், அனுப்பலாமா?" என்று கேட்டார். நாம் மகிழ்ந்து, "தயங்காமல் அனுப்புங்கள் அம்மா" என்றோம். பேருந்து நிலையம் வரை சென்று வழியனுப்பியும் வைத்தோம். இரண்டாம் ஆண்டில் அவனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அவனிருந்த அறை வேறொரு வீரனுக்குப் போயிற்று. அதுவரை கேட்காத கட்டணத்தைக் கேட்டார்கள். மூன்றாம் ஆண்டுக்கு அவன் செல்லவில்லை. இன்று சரக்கு ஆட்டோ ஓட்டுகின்றான். நம்மைக் கண்டால் இப்போதும் வண்டியை ஓரமாக நிறுத்தி வணக்கம் சொல்கின்றான். அதுதான் நமக்குத் தாங்க முடியாததாக இருக்கின்றது. அக்கல்லூரியைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. "இலவசம் என்றால் எதுவரை?" என்று நாம் ஒரு வினா வினவியிருக்கலாம். வினவவில்லை. நம் பிள்ளை ஒருவனை ஒரு கல்லூரி தானாக வந்து அழைக்கின்றது என்னும் பெருமையிலேயே வாயடைத்துப் போயிருந்தோம்.

ஆதலின், இம்முறை வினாக்களைத் திரட்டத் தொடங்கினோம். ஞாயிறுதோறும் காலையில் அவர்களுடன் தொலைபேசியில் பேசினோம். நூல்களையும் அமெரிக்கக் கல்வித்துறை வெளியிடும் விவரங்களையும் படித்தோம். அவற்றின் சாரத்தை இங்குக் கூறுகின்றோம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றவுடன் தொலைக்காட்சியில் தோன்றும் பெரும் பல்கலைக்கழகங்களே பலர்க்கும் நினைவுக்கு வரும். அவை ஒரு சிறு பகுதியே. என்.சி.ஏ.ஏ. என்னும் விளையாட்டுக் கழகம் தன் கல்லூரிகளை மூன்று பிரிவாக வகுத்துள்ளது. மூன்றாம் பிரிவில் மட்டும் நானூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பல தனியார் நடத்தும் சிறு கல்லூரிகள். ஆயிரம் அல்லது இரண்டாயிரம் மாணவர் பயில்வன. இப்பிரிவில் விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை வழங்கலாகாது என்பது விதி. மதிப்பெண்ணுக்காகவோ குடும்பத்தின் வருவாய்க் குறைவுக்காகவோ வழங்கலாம்; ஆட்டத்துக்காக ஒரு காசும் வழங்கலாகாது. என்.ஏ.ஐ.ஏ. என்னும் வேறொரு கழகத்தைச் சேர்ந்த சிறு கல்லூரிகள் ஆட்டத்துக்கென்றே உதவித்தொகை வழங்கும். இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரிகளுக்குத் தனிக் கழகம் உண்டு.

நம் பையனை அழைத்த இரண்டும் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை. தந்தைக்கு இதில் பெரும் ஏமாற்றம். "ஆட்டத்துக்குப் பணமே தராத இடத்தில் ஆட்டத்துக்கு என்ன மதிப்பு இருக்கும், ஐயா?" என்று கேட்டார். நாம் சொன்னோம்: "தம்பி, அதுவே நமக்குப் பாதுகாப்பு. ஆட்டத்துக்காகக் கொடுத்த பணத்தை ஆட்டம் நின்றால் நிறுத்திவிடலாம். மதிப்பெண்ணுக்காகக் கொடுத்த பணம் முழங்கால் போனாலும் நிற்காது." அந்தக் கபடி வீரன் நம் கண்முன் நின்றதனால்தான் இவ்விதியின் அருமை நமக்கு உடனே விளங்கிற்று.

எனினும், இவ்விதியைக் கொண்டே பெற்றோரை மயக்குவதும் உண்டு. "உங்கள் மகனுக்கு இவ்வளவு டாலர் உதவித்தொகை வாங்கித் தருகிறேன்" என்று மூன்றாம் பிரிவுப் பயிற்சியாளர் ஒருவர் கூறுவாராயின், அது அவர் கொடுப்பதன்று. கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் பெரும்பாலான மாணவர்க்குக் கொடுப்பதே அது. அந்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் அச்சிட்ட கட்டணம் ஒன்று, உண்மையில் செலுத்தும் கட்டணம் ஒன்று. முதலாண்டு மாணவர்க்குச் சராசரியாகப் பாதிக்கும் மேலாகவே தள்ளுபடி செய்கின்றனர். ஆடித் தள்ளுபடிக் கடைகளை நன்கறிந்த நம் தாய்மார்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எத்தனை டாலர் தள்ளுபடி என்பதைக் கேட்டுப் பயனில்லை. நாம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, கட்டணம் ஆண்டுதோறும் உயரும்போது தள்ளுபடியும் உயருமா, எத்தனை சராசரி மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் உதவி நிற்கும், நான்கு ஆண்டும் தொடரும் என்று எழுத்தில் தருவார்களா என்பனவற்றைக் கேட்டாக வேண்டும்.

உதவியின் எல்லையை அறிவது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே சான்று. 1913-இல் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது பரோடா மன்னரின் உதவித்தொகையால். திரும்பி வந்து பத்தாண்டு அரசுப்பணி செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பின்னர் இலண்டனில் பயின்றுகொண்டிருக்கையில் உதவிக்காலம் முடிந்துவிட்டது. 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் பதவி கிடைத்தது. தங்க ஓரிடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கியவரைத் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றிற்று. பணத்தை ஒருவர் கொடுக்கலாம். படுக்க இடம் கொடுப்பது வேறு செய்தி. இதற்கு மீண்டும் வருவோம்.

ஆட்டம் கல்வியுதவியை மீட்டுத் தந்த நிகழ்ச்சியும் இல்லாமலில்லை. லூயிசியானா மாநிலத்தில் வறிய கறுப்பினக் குடும்பத்தில் வளர்ந்த லூ பிராக், பேட்டன் ரூஜ் நகரிலுள்ள சதர்ன் பல்கலைக்கழகத்தில் கல்வியுதவி பெற்றுச் சேர்ந்தார். மதிப்பெண் குறைந்தது, உதவி நின்றது. அதன் பின் பேஸ்பால் அணியில் தேர்வுபெற்று அதன்வழி உதவி பெற்றுப் படிப்பைத் தொடர்ந்தார். 1959-இல் அந்த அணி என்.ஏ.ஐ.ஏ. வாகையைச் சூடியது. கறுப்பின மக்களுக்கென அமைந்த கல்லூரியொன்று பேஸ்பாலில் தேசிய வாகை சூடியது அதுவே முதன்முறை. பிராக் 1985-இல் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். இவ்வரலாற்றை அந்தத் தந்தை நமக்குப் பெருமையுடன் எடுத்துச் சொன்னார். நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் பிராக்கைப் போல் ஓடக்கூடியவர் நூறாண்டில் எத்தனை பேர்?

இனி, பயிற்சியாளரின் வாக்குறுதிக்கு வருவோம். "முதலாண்டிலேயே களமிறங்குவான்" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் அதனை நம்பியே சொல்லியிருக்கலாம். அதனைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு கல்லூரியும் தன் அணியின் பெயர்ப்பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகின்றது. பெயருக்கு எதிரே எந்த ஆண்டு மாணவர், எந்த இடத்தில் ஆடுபவர் என்னும் குறிப்பு இருக்கும். அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, நம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். முதலாண்டினர் எத்தனை பேர், நான்காம் ஆண்டினர் எத்தனை பேர்? மூன்றாண்டுக்கு முந்தைய பட்டியலில் முதலாண்டில் இருந்த பெயர்களில் எத்தனை இன்றைய பட்டியலில் நான்காம் ஆண்டில் இருக்கின்றன? இருபது பேர் சேர்ந்து நால்வர் எஞ்சியிருந்தால், எஞ்சிய பதினாறு பேர் எங்கே என்று கேட்க வேண்டும். சிலர் படிப்பின் சுமையால் ஆட்டத்தை விட்டிருப்பர். சிலர் வேறு கல்லூரிக்குச் சென்றிருப்பர். சிலர் படிப்பையே விட்டிருப்பர். மூன்றும் ஒன்றல்ல. பயிற்சியாளர் ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லி, இன்னார் இன்னது செய்கின்றார் என்று கூறுவாராயின், அவரை நம்பலாம். "வருவார்கள், போவார்கள்" என்பாராயின், அதுவும் ஒரு விடையே.

பேஸ்பாலில் களத்தில் நிற்போர் ஒன்பதின்மர். அவருள் கேட்ச்சர் ஒருவரே. அவ்வாறிருக்க, சில சிறு கல்லூரிகளின் பட்டியலில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருப்பது ஏன் என்று நாம் முதலில் வியந்தோம். பின்னர்தான் புரிந்தது. சிறு தனியார் கல்லூரிகளுக்கு மாணவர் கட்டணமே உயிர். சேருவோர் தொகை குறைந்துவரும் காலத்தில், விளையாட விரும்பும் பிள்ளைகளை அழைத்துவருவது கல்லூரியை நிரப்பும் வழிகளுள் ஒன்று. ஆண்டுக்கு இத்தனை மாணவரைச் சேர்க்க வேண்டும் என்று பயிற்சியாளர்க்குக் கணக்கு விதிக்கும் கல்லூரிகளும் உண்டு. இதில் குற்றம் காண்பதற்கில்லை. இரண்டாம் அணி அமைத்து அதற்கும் முறையாகப் போட்டிகள் நடத்துவார்களாயின் அனைவரும் ஆடலாம். ஆனால் பையன் கேட்க வேண்டியது: பட்டியலில் கேட்ச்சர்கள் எத்தனை பேர், அவருள் இவ்வாண்டு படிப்பை முடிப்பவர் எத்தனை பேர், இரண்டாம் அணிக்குச் சென்ற ஆண்டு எத்தனை போட்டிகள் நடந்தன, இலையுதிர் காலப் பயிற்சிக்குப் பின் எவரையேனும் நீக்குவதுண்டா?

கல்லூரியின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். அணி நன்றாயிருந்து கல்லூரி நோயுற்றிருக்கலாம். அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம்-சதர்ன் என்றொரு கல்லூரி 1856-இல் தோன்றியது. ஆயிரத்துக்கும் குறைவான மாணவர். கடும் நிதி நெருக்கடி. மாநில அரசிடம் கேட்ட 3 கோடி டாலர் கடன் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் கல்லூரியை மூடுவதென ஆட்சிக்குழு முடிவு செய்தது. அக்கல்லூரியின் பேஸ்பால் அணியோ அவ்வாண்டு வென்றுகொண்டே சென்றது. மூன்றாம் பிரிவின் இறுதிச் சுற்று, நம் பையன் வாழும் ஓஹாயோவிலேயே, ஈஸ்ட்லேக் என்னும் ஊரில் நடந்தது. மே 31 அன்று அக்கல்லூரி அதிகாரமுறையில் மூடப்பட்டது. அதே நாளில் அதன் அணி அங்குக் களத்தில் நின்றது. முதல் ஆட்டத்தில் தோற்று, அடுத்ததில் வென்று, மூன்றாவதில் தோற்று வெளியேறியது. ஆடித் திரும்பிய பிள்ளைகளுக்குத் திரும்பிச் செல்லக் கல்லூரி இல்லை. இதனைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நூற்று அறுபது ஆண்டு கடந்த கல்லூரிக்கே இக்கதி என்றால், பெயரும் பழைமையும் பார்த்து மட்டும் பிள்ளையை அனுப்புவது எவ்வாறு?

நல்வாய்ப்பாக, அந்நாட்டில் இதற்கான விவரங்களைப் பெறுவது அரிதன்று. தனியார் கல்லூரிகளின் நிதிநிலைக்கு அமெரிக்கக் கல்வித்துறை ஒரு மதிப்பெண் இடுகின்றது. 3 மேலெல்லை, 1.5-க்குக் குறைந்தால் கவலைக்குரியது. சேர்ந்தோருள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எவ்வளவு கடனுடன் வெளியேறினர் என்பனவும் கல்லூரிவாரியாகக் கிடைக்கின்றன. 1994-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, ஒவ்வோர் அணியிலும் எத்தனை பேர் ஆடுகின்றனர், அதற்கு எவ்வளவு செலவாகின்றது என்பதையும் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும். இவற்றையெல்லாம் பையனே தேடி எடுத்தான். நாம் எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னோம்.

படிப்பைப் பற்றிய பகுதிதான் ஆசிரியராகிய நமக்கு மிகவும் முதன்மையாகப் பட்டது. பையன் உயிரியல் பயில விரும்புகின்றான். உயிரியலுக்கு ஆய்வுக்கூட வகுப்புகள் உண்டு. அவை பெரும்பாலும் பிற்பகலில் நடக்கும். ஆட்டப் பயிற்சியும் பிற்பகலில்தான். போட்டிக்காலம் பிப்ரவரி முதல் மே வரை. மூன்றாம் பிரிவில் ஓரணி நாற்பது ஆட்டங்கள் வரை ஆடலாம். ஓஹாயோவில் மார்ச்சிலும் பனி கொட்டும். ஆதலால் வடக்குக் கல்லூரிகள் வசந்த விடுமுறையில் புளோரிடா போன்ற வெப்பமான இடங்களுக்குச் சென்று ஆடுகின்றன. அச்செலவின் ஒரு பகுதியைப் பல இடங்களில் பிள்ளைகளே திரட்ட வேண்டியிருக்கின்றது. மழையாலும் பனியாலும் தள்ளிப்போன ஆட்டங்களெல்லாம் ஏப்ரலில் வந்து குவியும். தேர்வும் அப்போதுதான் நெருங்கும். ஆதலின், "என் மகன் உயிரியல் படிக்கலாமா?" என்று பயிற்சியாளரைக் கேட்டால் "ஆம்" என்றே சொல்வார். "இன்று உங்கள் அணியில் உயிரியல் பயில்வோர் யார்? அவருடன் நான் பேசலாமா?" என்று கேட்க வேண்டும். ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து தாமதமாக வரும் மாணவனைப் பயிற்சியாளர் எவ்வாறு வரவேற்கின்றார் என்பதை அவனே சொல்லுவான். இரண்டாம் கல்லூரியின் பயிற்சியாளர் தம் கடிதத்தில் பாதியை வகுப்பு நேரத்துக்குச் செலவிட்டதன் பொருள் அப்போதுதான் தந்தைக்கு விளங்கிற்று.

உடற்காயம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். கேட்ச்சர் ஆட்டம் முழுதும் முழங்கால் மடக்கிக் குந்துபவன். பயிற்சியின்போது காயங்களைக் கவனிக்கத் தகுதி பெற்றவர் களத்தில் இருக்கின்றாரா? பெரும்பாலும் குடும்பத்தின் காப்பீடே முதலில் செலவை ஏற்கும், எஞ்சியதற்கே கல்லூரியின் காப்பீடு வரும். அந்த எஞ்சியது எவ்வளவு? இவற்றை எழுத்தில் பெறுமாறு சொன்னோம்.

இனி, படுக்க இடம் என்று சொன்னோமே, அதற்கு வருவோம். ஓஹாயோவின் சிறு கல்லூரிகளுக்கும் கறுப்பினக் கேட்ச்சர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. ஓபர்லின் கல்லூரி 1835 முதலே கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி. அதன் 1881-ஆம் ஆண்டு அணியில் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் கேட்ச்சராக ஆடினார். 1884-இல் அதே மாநிலத்தின் டொலீடோ நகர அணிக்காக முதனிலைத் தொழில்முறைப் போட்டிகளிலும் ஆடினார். அதன் பின் அக்கதவு அடைக்கப்பட்டது. 1947-இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை திறக்கவில்லை.

ராபின்சனைக் கொண்டுவந்த பிராஞ்ச் ரிக்கி, இளமையில் ஓஹாயோ வெஸ்லியன் என்னும் சிறு கல்லூரியின் பயிற்சியாளர். 1900-களின் தொடக்கத்தில் அவருடைய அணியில் சார்லஸ் தாமஸ் என்னும் கறுப்பின மாணவர் கேட்ச்சராக இருந்தார். இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகருக்கு அணி ஆடச் சென்றபோது, தங்குவிடுதியில் மற்றவர்க்கெல்லாம் அறை கொடுத்தவர்கள் தாமசுக்கு மட்டும் மறுத்தனர். ரிக்கி வழக்காடித் தம் அறையிலேயே ஒரு கட்டிலிட்டு அவரைத் தங்கவைத்தார். அன்றிரவு தாமஸ் தம் கைகளின் தோலை உரித்தெடுப்பதுபோல் தேய்த்துக்கொண்டு அழுதார் என்று ரிக்கி பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கின்றார். இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் ரிக்கியைப் புகழ்வர், புகழத்தக்கவரே. நமக்குத் தோன்றுவது வேறு. தாமசுக்கு அன்று தொழில்முறை ஆட்டத்தில் கதவில்லை. அவர் பல் மருத்துவரானார். அவரை அழைத்துச் சென்றது பந்தன்று, வகுப்பறை.

நம் நாட்டில் பல்வங்கர் பாலு பட்டதும் இதுதான். புனேயில் களத்தை உருட்டிச் சமன் செய்யும் வேலையிலிருந்து எழுந்து, 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அப்பெருமகனுக்கு, சொந்த அணியினர் தேநீரை வெளியே தனி மண்குவளையில் கொடுத்தனர். பந்தை வாங்கிய கை குவளையைக் கொடுக்கவில்லை.

இவற்றை எண்ணித்தான் பையனிடம் ஒன்றை வற்புறுத்தினோம். போட்டியைப் பார்க்கப் போகாதே. பயிற்சியைப் பார்க்கப் போ. அதன் பின், அணி மாணவர் தங்கும் விடுதியில் ஓர் இரவு தங்கு. அங்கே பயிற்சியாளர் இருக்கமாட்டார். களமிறங்காமல் பலகையில் அமர்ந்திருக்கும் பையன்கள் எவ்வாறு பேசுகின்றனர், சாப்பாட்டு மேசையில் யார் யாருடன் அமர்கின்றனர், கறுப்பு நிறத்தவரும் பழுப்பு நிறத்தவரும் அணியில் எத்தனை பேர், அவர்கள் நான்காம் ஆண்டு வரை இருந்தனரா என்பவற்றைப் பார். அவன் சிரித்து, "தாத்தா, இப்போது அப்படியெல்லாம் இல்லை" என்றான். "இல்லையென்றால் நல்லது. பார்த்துவிட்டு வந்து சொல்" என்றோம்.

சென்ற வாரம் அவனிடமிருந்து விடை வந்தது. பட்டியல்களை எண்ணிவிட்டான். முதற்கல்லூரியில் ஐம்பத்திரண்டு பெயர், முதலாண்டினர் இருபத்து நால்வர், நான்காம் ஆண்டினர் ஐவர், கேட்ச்சர்கள் எழுவர். இரண்டாம் கல்லூரியில் முப்பத்து நான்கு பெயர், முதலாண்டினர் ஒன்பதின்மர், நான்காம் ஆண்டினர் எண்மர், கேட்ச்சர்கள் மூவர். அந்த மூவரில் ஒருவர் உயிரியல் மாணவர். அவருடன் பேசியும் விட்டான். "பயிற்சிக்கு வியாழக்கிழமைதோறும் தாமதமாகத்தான் போகிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் முதல் இரண்டாண்டு நான் அதிகம் ஆடவில்லை" என்று அவர் உள்ளதைச் சொன்னாராம். தந்தைக்கு இன்னமும் முதற்கல்லூரியின் மேல்தான் நாட்டம். வீடு தேடி வந்தவரை எளிதில் மறக்க முடியுமா? பையன் இரண்டையும் பார்க்க விரும்புகின்றான். மாசி மாதத்தில் இரு கல்லூரிகளிலும் ஒவ்வோர் இரவு தங்கப் போகின்றான். எதைத் தேர்ந்தாலும் அது அவன் முடிவு; தெரிந்தவுடன் செயலாளர் அவர்களுக்கு எழுதுவோம்.

இங்கு நம் விடுதியில், இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில், கைப்பந்து ஆடும் மாணவியர் இருவர் இருப்பதாகக் காப்பாளர் அம்மையார் சொன்னார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாக ஒரு கல்லூரியிலிருந்து அவர்களை அழைத்திருக்கின்றார்களாம். இலவசம் எதுவரை, காயமுற்றால் அறை யாருக்கு, சென்ற மூன்றாண்டில் அவ்வழியில் சேர்ந்தோருள் பட்டம் பெற்றவர் யார் யார் என்னும் வினாக்களை ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் வைத்துள்ளோம். அம்மாணவியரும் அவர்தம் பெற்றோரும் இக்கூட்டம் முடிந்தபின் நம்மைக் காண வேண்டுகின்றோம். அக்கல்லூரிக்கு அவர்களுடன் நாமும் வருகின்றோம்.